சைக்கோவ்ஸ்கியின் ‘சுவனீர் தெ ஃபிளாரன்ஸ்’: ஆறு பேர் கூடி மேடையேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி ஆறு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய படைப்பு இது; பெயருக்கு ‘ஃபிளாரன்ஸ் நினைவு’ என்று பொருள். இரண்டு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. டி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 70, நான்கு பகுதிகள், ஏறத்தாழ 35 நிமிடம். ஏற்கெனவே சேர்ந்து வாசிக்கும் ஒரு நால்வர் குழு, கூட ஒரு வியோலாவையும் ஒரு செல்லோவையும் அழைத்துக்கொண்டு ‘பத்து நாளில் மேடையேற்றிவிடலாம்’ என்று இறங்குவது வழக்கம். இரண்டாவது ஒத்திகையில் மாட்டிக்கொள்வதும் வழக்கம். சுரங்கள் அவ்வளவு கடினம் என்பதால் அல்ல. நால்வரில் ஒருவர் சற்று ஓங்கி வாசித்தால் மற்ற மூவருக்கும் உடனே கேட்டுவிடும். ஆறு பேரில் அது கேட்காது. ஒருவர் சத்தத்தை இன்னொருவர் சத்தத்தால் வெல்லப் பார்ப்பார், கடைசியில் சுவர் போல ஒரு இரைச்சல் எழும்பி நிற்கும்.

இந்தப் படைப்பைத் தூக்கி நிறுத்துவதும் கவிழ்ப்பதும் இரண்டாம் வயலின், இரண்டு வியோலாக்கள், இரண்டாம் செல்லோ ஆகிய நால்வர்தான். கீழே வரும் ஒத்திகை முறை முழுக்க அந்த நால்வரைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

பெயரும் ஊரும்

சைக்கோவ்ஸ்கி 1890 ஜனவரி முதல் மார்ச் வரை இத்தாலியின் ஃபிளாரன்ஸில் தங்கி ‘ஸ்பேட்ஸ் ராணி’ ஆபராவை 44 நாளில் எழுதி முடித்தார். இந்தப் படைப்பின் இரண்டாம் பகுதியில் வரும் மெட்டு அங்கே குறிப்பேட்டில் ஏறியது. மீதி எல்லாம் ரஷ்யா திரும்பிய பிறகு, க்ளின் ஊருக்கு அருகே ஃப்ரோலோவ்ஸ்கோயே என்ற கிராமத்து வீட்டில், அந்த ஆண்டுக் கோடையில் எழுதியது. தம்பி மொடெஸ்டுக்கு எழுதிய கடிதத்தில், ஆறு குரலும் தனித்தனியாக நிற்க வேண்டும், அதே நேரம் ஒரே இனமாகவும் ஒலிக்க வேண்டும், இது நம்ப முடியாத அளவுக்குக் கடினமாக இருக்கிறது என்று புலம்பியிருக்கிறார். தன்னைக் கௌரவ உறுப்பினராக்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேம்பர் இசைச் சங்கத்துக்கு இதைக் காணிக்கையாக்கினார். முதலில் வாசித்துக் கேட்டபோது திருப்தி வரவில்லை. 1891 டிசம்பர், 1892 ஜனவரி மாதங்களில் திருத்தினார். திருத்திய வடிவம் 1892 கடைசியில், வயலின் கலைஞர் லியோபோல்ட் ஆவர் (Auer) முதல் வயலினில் அமர, செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் அரங்கேறியது. இன்று வாசிக்கப்படுவது இந்தத் திருத்திய வடிவம்.

இதெல்லாம் வாசிப்பவருக்கு எதற்கு? பெயரைப் பார்த்து நான்கு பகுதியிலும் இத்தாலி வெயிலைத் தேடுபவர்கள் உண்டு. வெயில் இருப்பது இரண்டாம் பகுதியில். மூன்றாவதும் நான்காவதும் ரஷ்ய நாட்டுப்புற மெட்டின் சாயலில் ஓடுபவை. அங்கே வைப்ரேட்டோவை (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்க வைப்பதை) குழைத்துக் குழைத்துப் போட்டால் மெட்டு வழுக்கிவிடும்.

யார் எந்த நாற்காலியில்

பெரும்பாலான குழுக்கள் செய்யும் முதல் தவறு, புதிதாகச் சேர்ந்தவரை இரண்டாம் செல்லோவில் உட்கார வைப்பது. முதல் செல்லோ அடிக்கடி மேலே ஏறிப் பாடப் போய்விடும். அப்போதெல்லாம் அடித்தளம் முழுவதும் இரண்டாம் செல்லோ கையில்தான். தாளத்தில் அசையாதவர், சி தந்தியில் கனமான ஒலி எடுப்பவர் அங்கே வேண்டும். முதல் வியோலாவுக்கு மூன்றாம் பகுதியின் தொடக்கத்தைத் தனியாகத் தாங்கும் குரல் வேண்டும். இரண்டாம் வயலினுக்குப் பதற்றமில்லாத வலக்கை வேண்டும். ஏன் என்று இரண்டாம் பகுதியில் தெரியும்.

அமரும் வரிசை, அரங்கிலிருந்து பார்க்க இடமிருந்து வலமாக: முதல் வயலின், இரண்டாம் வயலின், முதல் வியோலா, இரண்டாம் வியோலா, இரண்டாம் செல்லோ, முதல் செல்லோ. முதல் செல்லோ வலது ஓரத்தில் இருந்தால் முதல் வயலினை நேருக்கு நேர் பார்க்கலாம். மெதுவான பகுதியில் இருவரும் மாறி மாறிப் பாடும்போது அந்தப் பார்வை பெரிய உதவி. இரண்டாம் செல்லோ நடுவுக்கு நெருங்கி வருவதால் ஆறு பேருக்கும் அடித்தளம் ஒரே தூரத்தில் கேட்கும். வியோலாவை வலது ஓரத்தில் வைக்கும் குழுக்களும் உண்டு. ஆனால் அங்கே உட்கார்ந்தால் கருவியின் ஒலித்துளைகள் மேடையின் பின்சுவரைப் பார்க்கும், மூன்றாம் பகுதியின் மெட்டு பாதி அங்கேயே தங்கிவிடும்.

பார்ட்டைத் தயார் செய்தல்

பழைய யுர்கென்சன் பதிப்பின் காப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டது, இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். எந்தப் பதிப்பானாலும் ஆறு பேரும் ஒரே பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு பதிப்புகளில் வில் குறிகளும் ஒலியளவுக் குறிகளும் மாறும், ஒத்திகையில் அரை மணி நேரம் அதற்கே போய்விடும்.

பார் (இசையைப் பிரிக்கும் தாள அலகு) எண் இல்லாத அச்சு என்றால் முதல் ஒத்திகைக்கு முன் ஒருவர் ஸ்கோரில் (ஆறு வரிகளும் சேர்ந்த முழுத் தாளில்) எண்ணிட்டு, மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பார்ட்டில் (தங்கள் வரி மட்டும் உள்ள தாளில்) பத்துப் பத்துப் பாராக எழுதிக்கொள்ள வேண்டும். பக்கம் திருப்ப முடியாத இடம் வந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்துப் பக்கவாட்டில் ஒட்டுங்கள். கடைசிப் பகுதியில் யாருக்கும் ஓய்வு அதிகம் கிடையாது. ‘வேகமாகத் திருப்பிவிடலாம்’ என்று நம்பியவரின் தாள் மேடையில்தான் கீழே விழும்.

நீண்ட ஓய்வு முடிந்து நுழையும் இடத்துக்கு முன்னால், அந்த நேரத்தில் மெட்டு யாரிடம் இருக்கிறதோ அவருடைய இரண்டு பாரைச் சிறிய எழுத்தில் எழுதிவைப்பது வீண் வேலை அல்ல. எண்ணிக்கை தவறினாலும் காது காப்பாற்றும்.

சுருதி சேர்த்தல்

இரண்டு செல்லோ, இரண்டு வியோலா என்றால் நான்கு சி தந்திகள். இந்த நான்கும் ஒத்துப்போகாவிட்டால் மேலே வயலின் எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் கலங்கலாகவே கேட்கும்.

சி, ஜி, டி, ஏ, இ என்று ஒவ்வொரு ஐந்தாம் இடைவெளியையும் துடிப்பே இல்லாமல் சுத்தமாக வைத்துக்கொண்டே போனால், செல்லோவின் சி தந்தியோடு சுத்தமாக ஒத்துப்போகும் இடத்தைவிட வயலினின் இ தந்தி ஏறத்தாழ 22 சென்ட் மேலே நிற்கும். ஒரு அரைச்சுரம் 100 சென்ட் என்பதால் இது காதுக்கு நன்றாகவே தெரியும். தீர்வு, ஐந்தாம் இடைவெளிகளை மயிரிழை அளவு நெருக்கி வைப்பது. செய்முறை இது:

1. முதல் செல்லோ ஏ கொடுக்கட்டும். ஆறு பேரும் ஒரே நேரத்தில் இழுக்காமல், ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும்.
2. இரண்டாம் செல்லோ டி, ஜி, சி என்று கீழே இறங்கட்டும், ஒவ்வொரு படியிலும் இடைவெளியைச் சற்றே நெருக்கியபடி. சுத்தமான இடைவெளி 702 சென்ட். 700 போதும்.
3. அந்த சி தந்தியோடு மற்ற மூன்று சி தந்திகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரட்டும்.
4. கடைசியாக இரண்டாம் செல்லோவின் சி தந்தியும் முதல் வயலினின் இ தந்தியும் மட்டும் சேர்ந்து ஒலிக்கட்டும். இ இன்னும் கூராகக் கேட்டால், ஏ தந்தியைத் தொடாமல் இ தந்தியை மட்டும் சற்று இறக்குங்கள்.

சுருதி காட்டும் மின்கருவியைப் பார்த்து ஆறு பேரும் தனித்தனியாகச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் நான்காவது படியைத் தவிர்க்காதீர்கள்.

ஒத்திகையின் வரிசை

முதல் நாளே ஆறு பேரும் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். ஆசைக்கு ஒருமுறை ஓட்டலாம். வேலை தொடங்குவது அதற்குப் பிறகு, இருவர் இருவராக. இரண்டு செல்லோ மட்டும் ஒரு மணி நேரம், இரண்டு வியோலா மட்டும் ஒரு மணி நேரம், இரண்டு வயலின் மட்டும் ஒரு மணி நேரம். ஒவ்வொரு இணையும் எந்தச் சுரத்தில் வில் மேலே, எந்தச் சுரத்தில் கீழே, வில்லின் எந்தப் பகுதி என்று முடிவு செய்து பென்சிலால் குறித்துக்கொண்டு வர வேண்டும்.

அடுத்து நடுவிலிருக்கும் நால்வர்: இரண்டாம் வயலின், இரண்டு வியோலா, இரண்டாம் செல்லோ. முதல் வயலினும் முதல் செல்லோவும் வீட்டுக்குப் போகலாம், அல்லது ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் கேட்கலாம். மெட்டே இல்லாமல் இந்த நால்வர் வாசிப்பது ஒரு முழு இசையாகக் கேட்க வேண்டும், கேட்பவருக்கு இப்போது எந்த இடம் என்று தெரிய வேண்டும். அது வரும்வரை ஆறு பேரைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரமாகக் குறைந்தது மூன்று அமர்வு இதற்கே ஒதுக்குங்கள். மொத்தம் பத்துப் பன்னிரண்டு அமர்வு என்று திட்டமிட்டால் மூச்சு வாங்காமல் முடிக்கலாம்.

முதல் பகுதி: அல்லெக்ரோ கான் ஸ்பிரிடோ

முன்னுரை கிடையாது. கதவைத் திறக்கும்போதே உள்ளே சண்டை நடந்துகொண்டிருப்பது போல, டாமினண்ட் ஒன்பதாம் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஐந்து சுரங்களின் அடுக்கில்) பாய்ந்து தொடங்குகிறது. அந்த கார்டில் இருப்பவை ஏ, சி ஷார்ப், இ, ஜி, பி ஃபிளாட். இதை மேடையில் முதல் நொடியிலேயே சுத்தமாக எடுக்க வேண்டும். முதலில் ஏ வைத்திருப்பவர்கள் மட்டும் நீளமாகப் பிடிக்கட்டும். மேலே இ சேரட்டும். பிறகு சி ஷார்ப். இங்கேதான் கவனம் வேண்டும்: அடுத்து டி வரப்போகிறது என்ற நினைப்பில் சி ஷார்ப்பை மேலே தள்ளுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். தனி மெட்டில் அது அழகு. கார்டுக்குள் அப்படித் தள்ளினால் மொத்தமும் கரகரக்கும், ஆகவே விரலைச் சற்றுக் கீழே உருட்டுங்கள். அது அமைந்த பிறகு ஜி, கடைசியாக பி ஃபிளாட். தினமும் ஒத்திகைக்கு முன் இரண்டு நிமிடம் இப்படிக் கட்டிப் பாருங்கள்.

தொடங்கும் சைகையை முதல் வயலின் கொடுக்க வேண்டும், தலையை ஆட்டுவதால் அல்ல, மூச்சால். ஒரு முழு பார் நீளத்துக்கு, வாசிக்கப்போகும் அதே வேகத்தில் மூக்கால் இழுக்கும் மூச்சு. அரை பார் மூச்சு இழுத்தால் ஐவரும் வேகத்தை ஊகிக்க நேரும், முதல் நான்கு பார் தள்ளாடும்.

மூன்று அடி கொண்ட பாரை, ஒரு பாருக்கு ஒரு அடியாக உணர்வதுதான் இலக்கு. ஆனால் பயிற்சியை அங்கே தொடங்காதீர்கள். நிமிடத்துக்கு 48 பார் என்று மெட்ரோனோம் (தாளம் காட்டும் கருவி) வைத்து, மூன்றையும் வாய்விட்டு எண்ணி வாசியுங்கள். அதில் எல்லாச் சுரமும் தெளிந்த பிறகு நான்கு நான்காகக் கூட்டி 60ஐத் தாண்டுங்கள். எப்போதும் மூன்றாவது அடியில்தான் அவசரம் நுழையும், காரணம் அடுத்த பாரின் முதல் அடியை எல்லோரும் ஓங்கி அடிக்க ஆசைப்படுவது. மூன்றாவது அடியை மட்டும் சற்று அழுத்தி ஒருமுறை வாசித்துப் பார்த்தால் யார் ஓடுகிறார் என்று உடனே தெரியும்.

ஏ மேஜரில் வரும் இரண்டாம் கருத்தை முதல் வயலின் நீண்ட இழுப்பில் பாடும். கேட்க இதமாக இருப்பதால் வேகம் இறங்கிவிடும். அதன்பின் பழைய வேகத்துக்குத் திரும்பத் திடீரென்று சாட்டை அடிக்க வேண்டியிருக்கும், அது அசிங்கமாகக் கேட்கும். பாடுபவர் வேகத்தை விட்டாலும் துணை வாசிப்பவர்கள் விடக்கூடாது. முடிவை நோக்கி இசை சூடேறும் இடத்தில் ஆறு பேரும் ஆரம்பத்திலேயே முழு வில்லையும் செலவழித்துவிட்டால் கடைசிப் பக்கத்துக்கு எதுவும் மிஞ்சாது. சத்தத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இரண்டாம் பகுதி: அடாஜியோ கான்டாபிலே எ கான் மோட்டோ

டி மேஜர். ஆறு பேரும் சேர்ந்த தடித்த கார்டுகளால் ஒரு சிறிய முகவுரை. பிறகு வில்லை விட்டு விரலால் மீட்டும் பிசிக்காடோ மும்மைகள் (ஒரு அடிக்குள் மூன்று சம சுரங்கள்), அவற்றின் மேல் முதல் வயலினின் பாட்டு. ஜன்னலுக்குக் கீழே நின்று யாரோ கித்தார் மீட்டிப் பாடுவதைப் போன்ற அமைப்பு. பிறகு முதல் செல்லோ வந்து சேரும், இருவரும் பேசிக்கொள்வார்கள்.

எத்தனை குழுக்கள் வாசித்தாலும் ஒரே விதமாகக் கெடுவது இந்த மும்மைதான். மீட்டுகள் ஓடும். வில் இழுக்கும்போது தந்தியின் பிடிப்பே கையைத் தடுத்து நிறுத்தும், விரலால் மீட்டும்போது அந்தத் தடை கிடையாது. விரல் தந்தியை விட்டதும் தானாகத் திரும்பி வந்து நிற்கும், நின்றவுடன் அடுத்ததை மீட்டத் துடிக்கும். சரிசெய்யும் வழி:

1. அந்த மும்மைகளை முதலில் வில்லால், ஒவ்வொன்றும் முழு நீளத்தோடு வாசியுங்கள்.
2. அடுத்து ஒரு தடவை வில், ஒரு தடவை விரல் என்று மாற்றி மாற்றி, இடையில் வேகம் மாறாமல்.
3. விரலால் மட்டும் வாசிக்கும்போது ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒரே விரல் சோர்ந்ததும் மும்மையின் மூன்றாவது மீட்டு சுருங்கும்.
4. நுனிநகம் படாமல், விரலின் சதைப்பகுதியால், விரல்பலகையின் முடிவுக்குச் சற்று மேலே மீட்டுங்கள். தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகே மீட்டினால் சுள்ளி முறிவது போலக் கேட்கும்.

அடியில் மீட்டும் செல்லோ, இடக்கை விரலை அடுத்த சுரம் வரும்வரை தூக்கக்கூடாது. தூக்கினால் ஒலி அறுந்து, மேலே பாடுபவருக்குக் காலடியில் தரை இல்லாமல் போகும்.

வேகத்தைக் கடிகாரத்தால் முடிவு செய்ய வேண்டாம். முதல் வயலின்காரர் கருவியை மடியில் வைத்துவிட்டு மெட்டை வாயால் பாடட்டும். ஒரு சொற்றொடரை ஒரே மூச்சில் முடிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ‘கான் மோட்டோ’, நகர்ந்து போ, என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். அந்த இரண்டு சொல்லைப் பார்க்காமல் அழ அழ வாசிப்பவர்களே அதிகம். வேகம் முடிவானதும் அதைக் காப்பது இரண்டாம் வயலினின் பொறுப்பு. முதல் வயலின் சற்று முன்னே பின்னே மிதக்கலாம், மீட்டுபவர் கூடவே மிதந்தால் இருவரும் மூழ்குவார்கள்.

நடுவில் திடீரென்று காட்சி மாறும். வில்நுனியால் விறுவிறுவென்று சிறுசுரங்கள், தூரத்தில் காற்று எழுந்து அடங்குவது போல ஒலி ஏறி இறங்கும். இங்கே வில்லின் கடைசி மூன்று சென்டிமீட்டர் போதும். மணிக்கட்டு மட்டும் அசையட்டும், முழங்கை அசைந்தால் சுரங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒலி ஏறும்போது ஆறு பேரும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். வயலின் சீக்கிரம் ஏறும், செல்லோ மெதுவாக ஏறும், அது கருவிகளின் இயல்பு. ஆகவே செல்லோ ஒரு அடி முன்னதாகவும் வயலின் ஒரு அடி தாமதமாகவும் தொடங்க வேண்டும் என்று பார்ட்டில் எழுதிவையுங்கள்.

மெட்டு திரும்பி வரும்போது முதல் செல்லோ பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். இப்போது முதல் வயலின் விருந்தாளி. இதை முதல் வயலின்காரர் மறந்துவிட்டால் ஞாபகப்படுத்த வேண்டும், கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும்.

மூன்றாம் பகுதி: அல்லெக்ரெட்டோ மாடெராட்டோ

ஏ மைனர், இரண்டு அடி. முதல் வியோலா சாதாரணக் குரலில் ஒரு மெட்டைத் தொடங்கும், கதை சொல்வது போல. இதில் பெரிய உணர்ச்சி எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. அதே மெட்டு ஒவ்வொருவர் கைக்கும் போய், கடைசியில் ஆறு பேரும் உரக்கக் கத்தும் அளவுக்கு வளர்கிறது. வியோலாக்காரர் தொடக்கத்திலேயே உருகிவிட்டால் பின்னால் வளர இடமிருக்காது. ஒவ்வொருவர் கைக்கு மெட்டு வரும்போதும் முன்னவர் வில் குறியையே பின்பற்றுங்கள், கேட்பவருக்கு ஒரே ஆள் பல குரலில் பேசுவது போலிருக்கும்.

நடுப்பகுதியில் வில் தந்தியில் குதித்தோட வேண்டும். குதிப்பது வில்லின் வேலை, கையின் வேலை அல்ல. வில்லின் நடுவுக்குச் சற்று மேலே, அது தானாகத் துள்ளும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நிற்கவும். ஒவ்வொரு வில்லுக்கும் அந்த இடம் ஓரிரு சென்டிமீட்டர் மாறும், பக்கத்து ஆளைப் பார்த்து நகல் எடுக்காதீர்கள். துள்ளவில்லையென்றால் பெரும்பாலும் வில்லில் பூசும் ரோசின் அதிகமாக இருக்கும், அல்லது சுண்டுவிரல் வில்கட்டையை இறுக்கிக்கொண்டிருக்கும். மெதுவான வேகத்தில் இது வரவே வராது, ஆகவே இடக்கையை மெதுவாகவும் வலக்கையைத் திறந்த தந்தியில் உண்மையான வேகத்திலும் தனித்தனியே பழகிவிட்டுச் சேருங்கள்.

நான்காம் பகுதி: அல்லெக்ரோ கான் பிரியோ எ விவாசே

நடனம். முதல் வயலின் மெட்டு எடுக்கும் முன்பே தாளம் ஓடத் தொடங்கிவிடும், ஆகவே இந்தப் பகுதியின் வேகத்தை நிர்ணயிப்பது முதல் வயலின் அல்ல. தொடங்குபவர்கள், முடிவுக்கு அருகே வரும் ஃபியூகை (ஒரே மெட்டு ஒவ்வொரு குரலாக நுழைந்து பின்னும் அமைப்பை) மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு அந்த வேகத்தில் தொடங்க வேண்டும். உற்சாகத்தில் கூடுதலாக எடுத்துவிட்டால் ஃபியூகில் பதினாறாம் சுரங்கள் கொழகொழவென்று ஆகும். நிமிடத்துக்கு 100 கால் சுரங்கள் என்ற வேகத்தில் தொடங்கி, வாரத்துக்கு எட்டுப் பத்து என்று கூட்டி, 132க்கு மேல் போவதா வேண்டாமா என்பதை அப்போது முடிவு செய்யுங்கள்.

ஃபியூகைப் பற்றி சைக்கோவ்ஸ்கிக்கே பெருமை உண்டு. ஸ்கோரை நகலெடுத்து, ஃபியூக் மெட்டு யாரிடம் நுழைகிறதோ அங்கெல்லாம் வண்ணப் பென்சிலால் கோடு போடுங்கள். கோடு உள்ளவர் முழு ஒலியில் வாசிக்கட்டும், மெட்டு முடிந்த அடுத்த அடியிலேயே ஒரு படி கீழே இறங்கட்டும். இறங்குவதை எல்லோரும் மறப்பார்கள். மறந்தால் மூன்றாவது நுழைவு கேட்காது, நான்காவதுக்கு நுழைவென்றே பெயர் இருக்காது. ஒருமுறை, மெட்டு உள்ளவர் மட்டும் வாசித்து மற்றவர்கள் மௌனமாக இருந்து கைமாற்றிக்கொண்டே போங்கள். சங்கிலி அறுபடும் இடம் உடனே அகப்படும்.

இந்தப் பகுதியில் நடனத்துக்கு நடுவே ஒரு அகலமான பாடல் மெட்டும் எழும். அங்கே மூச்சு விடலாம் என்று நினைக்க வேண்டாம், உள்ளே தாளம் நிற்காமல் ஓடுகிறது. டி மேஜரில் முடியும் கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சோர்ந்திருப்பார்கள், சோர்ந்த கை தந்தியை நசுக்கும். வில்லைப் பாலத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வைத்து நீளமாக இழுத்தால் அதே சத்தம் பாதி உழைப்பில் வரும்.

மேடைக்கு முந்தைய வாரம்

முழு ஓட்டத்தை ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள். அரங்கில் ஒரு ஓட்டத்தின்போது ஒருவர் எழுந்து பின்வரிசையில் போய் நின்று கேளுங்கள். முதலில் அனுப்ப வேண்டியவர் முதல் வயலின். இரண்டாம் வியோலா தன் காதுக்கு எவ்வளவு சத்தமாகத் தெரிந்தாலும் பின்வரிசையில் எப்படிக் கரைந்துபோகிறது என்பதை அவர் ஒருமுறை கேட்டால், மறுநாளே தன் ஒலியைக் குறைத்துக்கொள்வார்.

தந்திகளை மாற்றுவதென்றால் ஒரு வாரம் முன்பே மாற்றுங்கள். புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும், முதல் பகுதி முடிவதற்குள் சுருதி இறங்கும். முதல் இரண்டு பகுதிகளுக்கு இடையே சுருதியைச் சரிபார்க்க அரை நிமிடம் எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை.

ஆறு பேர் கிடைக்காமல் தந்தி வாத்தியக் குழுவாக வாசிப்பவர்களும் நிறைய. அப்படியானால் வியோலாவிலும் செல்லோவிலும் குறைந்தது நான்கு நான்கு பேர், இரண்டிரண்டாகப் பிரிந்து. இரண்டாம் செல்லோவின் வரியை ஒரு ஸ்தாயி கீழே இரட்டிப்பாக்க ஒரு டபுள் பேஸ் போதும். மெதுவான பகுதியின் பிசிக்காடோவில் டபுள் பேஸ் எல்லா மும்மைகளையும் வாசிக்க வேண்டாம், பாரின் முதல் அடியை மட்டும் மீட்டினால் போதும்.